குடி என்றால் எந்தப் பக்கம்

மகனே,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. உன் அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே உன் மாணவர்களின் டிரில்லைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் உனக்குக் கை கொடுத்தார் என்ற இடத்தில் அவர் வாசிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். எனக்கும் மனசு குளிர்ந்துதான் போயிற்று. அடுத்த வரி வந்ததும் முறம் கையில் அப்படியே நின்றுவிட்டது. “ஒரு பெண் மயங்கி விழுந்தாள், ஆனாலும் வரிசை கலையவில்லை” என்று எழுதியிருக்கிறாய். அந்த ‘ஆனாலும்’ என்ற வார்த்தையை நீ எந்த டிரெயினிங்கில் கற்றுக்கொண்டாய்? நான் கற்றுக்கொடுக்கவில்லை. உன் அப்பாவும் கற்றுக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நிற்கிற பிள்ளை வெயிலில் சுருண்டு விழும்போது திரும்பிப் பார்க்காமல் நிற்பது ஒழுங்கு என்றால், அந்த ஒழுங்கு எனக்கு வேண்டாம். வரிசை கலைந்திருந்தால் உன்னை மெச்சிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பகுதியை உன் அப்பாவை மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். பெண்ணின் பெயர் கன்னியம்மா, ஒன்பதாம் வகுப்பு, திருப்பதியில் நடக்கப்போகும் ஓட்டப்பந்தயத்துக்கு உங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்களில் அவள் ஒருத்திதான் தேறியவள் என்று எழுதியிருக்கிறாய். நிழலில் படுக்கவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, குடிக்கச் சொல்லி டம்ளரை நீட்டினாயாம். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு “வாணாம் சார்” என்று தலையை ஆட்டினாளாம். எத்தனை சொல்லியும் கேட்கவில்லையாம். பிடிவாதக்காரி, சொல்பேச்சு கேளாதவள், உடம்பிலும் பலம் இல்லை என்று முடிவு கட்டி அவள் பெயரைத் திருப்பதி போகிறவர்கள் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாய். மறுநாள் சுகாதார வகுப்பில் எல்லாரையும் உட்காரவைத்து பால், முட்டை, பழம் என்று போதித்தாயாம். கேழ்வரகுக் களியும் கீரையும் தின்றுவிட்டு அத்தனை தூரம் நடந்து வருகிற பிள்ளைகளிடம் பழத்தைப் பற்றிப் பேச உனக்கு எப்படி வாய் வந்தது? அதையாவது பொறுத்துக்கொள்வேன், புத்தகத்தில் இருக்கிறது, நீ வாசித்தாய். அந்தப் பெண் ஏன் தண்ணீர் குடிக்க மறுத்தாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? உனக்குத் தெரியவில்லை. எனக்கு உன் கடிதத்தைக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் உன்னைப் பற்றி உனக்கே ஒன்று ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

ஆந்திர ராஜ்யம் பிரிந்த வருஷம் நீ இங்கே சித்தூரில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். அதுவரைக்கும் உங்களுக்கு டிரில் என்றால் ரைட் டர்ன், லெப்ட் டர்ன் என்று இங்கிலீஷில்தான். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு டிரில் மாஸ்டர் வந்தார். ராஜ்யம் நம்முடையது, பாஷையும் நம்முடையதாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் தெலுங்கில் மாற்றிவிட்டார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நம் தெருவில் பாதிப் பேரோடு நான் தெலுங்கில்தான் பேசுகிறேன், பாதிச் சண்டையும் தெலுங்கில்தான் போடுகிறேன். ஆனால் தமிழ் செக்‌ஷன் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம். அவர் விளக்கவில்லை. பங்குனி வெயிலில் உங்களை நிறுத்திவைத்து “குடி வைப்பு... திருகு!” என்று ஒரு சத்தம் போட்டார். தெலுங்கில் குடி என்றால் வலது, திருகு என்றால் திரும்பு. உனக்குக் கேட்டது குடி. காலையிலிருந்து தொண்டை காய்ந்து நின்றவனுக்கு வேறென்ன கேட்கும்? வராந்தாவில் இருந்த தண்ணீர்ப் பானையைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடினாய். உன் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் ஓடினார்கள். ‘திருகு’ மட்டும் காதில் விழுந்த ஒருவன் பக்கத்தில் நின்றவனின் காதைப் பிடித்துத் திருகிவிட்டான். நீங்கள் எல்லாம் சேர்ந்து தன்னைக் கேலி செய்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு, அந்த மாஸ்டர் பானைக்குப் போனவர்களைக் கையைத் தூக்கிக்கொண்டு மணி அடிக்கும்வரை வெயிலில் நிற்கவைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “யம்மா, அந்த சாரு குடி குடின்னு கத்தறாரு. குடிக்கப் போனா வெயில்ல நிக்க வெக்கறாரு.” நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே உன் தலையைத் தொட்டேன், அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகக் கொதித்தது. உதடு வெடித்திருந்தது. ராத்திரி பூராவும் அனத்தினாய். உன் அப்பா, “கவர்மெண்டே மாறிப்போச்சு, டிரில்லு மாறக்கூடாதா? உட்டுடு” என்றார். எனக்கு விட மனசு வரவில்லை. மறுநாள் உன் சுகாதாரப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அந்த டிரில் மாஸ்டர் எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டார். நானும் டீச்சர்தான் என்று தெரிந்ததும் இன்னும் மரியாதை. புத்தகத்தைப் பிரித்து, பிள்ளைகள் அடிக்கடி சுத்தமான தண்ணீர் குடிக்க வேண்டும் என்று போட்டிருந்த பக்கத்தைக் காட்டினேன். பக்கத்தில் ஒரு பையன் டம்ளரைத் தூக்கிக் குடிக்கிற படம்கூட இருந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் சிரித்தபடி, “அதி பரீட்ச கோசரம்மா. டிரில்லு வேற” என்றார். அது பரீட்சைக்காக, டிரில் வேறு விஷயம். ஓடியாடும்போது தண்ணீர் குடித்தால் விலாவில் பிடித்துக்கொள்ளும், பிள்ளைகள் உறுதியாக வளரமாட்டார்கள் என்று தனக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் என் ஆத்திரமே. கெட்டவர் சொல்லியிருந்தால் துப்பிவிட்டு வந்திருப்பேன். நல்ல மனுஷன் ஒருவர், தான் பாடம் நடத்துகிற புத்தகத்தையே பரீட்சைக்கு மட்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார் என்றால், அந்தப் பாடத்தை எதற்காக நடத்துகிறோம்? மறுநாளே குடி என்றால் வலது கை என்று உங்கள் எல்லாருக்கும் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுத்துவிட்டார். தண்ணீர்ப் பானையை மட்டும் எடுத்து அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

இப்போது நீ டிரில் மாஸ்டர். நீ இருக்கிற சத்தியவேட்டுப் பக்கம் போன வருஷம்வரை மெட்ராஸ் ராஜ்யம். எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய், உங்கள் ஊர் ஆந்திரப் பக்கம் வந்திருக்கிறது. நீ பட்டதையே இப்போது அந்தப் பிள்ளைகள் படுகிறார்கள். நீயும் ‘குடி வைப்பு’ என்றுதான் சொல்கிறாய், அவர்கள் முதலில் சிரித்தார்கள், இப்போது பழகிவிட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். குடி என்றால் வலது என்று நீயாவது முதல் நாளே சொல்லிக்கொடுத்தாய், சரி. பானை எங்கே இருக்கிறது? நிழலிலா, பூட்டிய அறையிலா? டிரில் முடிகிறவரை தண்ணீர் கிடையாது என்பது உன் சட்டம் என்று பெருமையாக எழுதியிருந்தாயே, அந்தச் சட்டத்தால் உதடு வெடித்த பையன் இப்போது எங்கே போனான் என்று தேடுகிறேன்.

சரி, கன்னியம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு நீ தண்ணீர் கொடுத்தாய். குடிக்கவில்லை. இது பிடிவாதம் இல்லை. உன் பள்ளிக்கூடத்தைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறாய். கொடிக்கம்பம், மைதானத்தைச் செதுக்கிய கதை, உயரம் தாண்டுவதற்கு மூங்கில் தேடின கதை, ஒன்றும் பாக்கி இல்லை. பெண் பிள்ளைகள் ஒதுங்குவதற்கு ஓர் இடம் இருக்கிறதா என்று மட்டும் ஒரு வரி இல்லை. இருந்தால்தானே எழுதுவாய்! கக்கூஸ் கட்டுகிற காகிதம் பழைய ஜில்லாவான செங்கல்பட்டில் கிடக்கிறதா, புது ஜில்லாவான சித்தூருக்கு வந்ததா என்றே தெரியவில்லை, மெட்ராஸ்காரர்கள் கட்டியிருக்க வேண்டும், இனி ஐதராபாத்துக்காரர்கள் கட்டட்டும் என்று உங்கள் ஹெட்மாஸ்டர் வேடிக்கையாகச் சொன்னதாக எப்போதோ எழுதியிருந்தாய். நானும் படித்துச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. கிராமம் கிராமமாக அளந்து, எந்த ஊரில் எந்தப் பாஷைக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணி எல்லை போட்டார்கள். ஒரு பெண் குழந்தை உட்கார்ந்து எழுந்திருக்க நாலு முழம் இடம் அளக்க இரண்டு ராஜ்யத்திலும் ஆள் இல்லாமல் போயிற்று.

உனக்கு இது புரியாது, ஏனென்றால் நீ ஆண். உங்களுக்கு வேலி ஓரம் போதும், ஏரிக்கரை போதும். அவள் விடிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில்தான் மறுபடி ஒதுங்க முடியும். ஆகையால் காலையில் கூழைக்கூட அளந்துதான் குடிப்பாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். நீ டம்ளரை நீட்டினபோது அவள் மயக்கத்திலும் கணக்குப் போட்டிருப்பாள், இதைக் குடித்தால் மத்தியானம் என்ன செய்வது என்று. பயிற்சியின்போது தண்ணீர் கூடாது என்ற உன் சட்டம் அவளுக்குத் தேவையே இல்லை, நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே எங்களுக்கு அந்தச் சட்டம் இருக்கிறது. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாயா? நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வெயில்காலம் வந்தால் எனக்கு ஒரு காய்ச்சல் வருமே, நடுங்கிக்கொண்டு போர்வைக்கு மேல் போர்வையாகப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு உஷ்ணக் காய்ச்சல் என்று சொல்லிவைத்தோம். உஷ்ணமும் இல்லை, ஒன்றும் இல்லை. நீர்க்கடுப்பு முற்றி வந்த காய்ச்சல். காலையில் அரை டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் சாயங்காலம் வீடு திரும்பும்வரை நான் தண்ணீரைத் தொடமாட்டேன். என்னோடு இருந்த தெலுங்கு டீச்சர் சீதம்மாவும் தொடமாட்டார். இரண்டு பேருமாக நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ள, தண்ணீர் நிறையக் குடியுங்கள் பிள்ளைகளே என்று ஒருவர் தமிழிலும் ஒருவர் தெலுங்கிலும் சுகாதாரப் பாடம் நடத்தினோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் ஏட்டுச் சுரைக்காய் நடத்தினவர்களுக்கே உதவவில்லை. பிள்ளைகள் கையை நீட்டச் சொல்லி நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று தேடத் தெரிந்த பள்ளிக்கூடங்களுக்கு, அந்தப் பிள்ளைகள் எங்கே போய்க் கை கழுவும் என்று தேடத் தெரியவில்லையே!

நான் வாயைத் திறந்ததற்கு ஒரு குழந்தைதான் காரணம். ஒரு தடவை எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் ஹெட்மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அம்மாள் நாள் முழுக்க இருப்பார், அவர் எங்கே போவார்? அன்று சாயங்காலமே பந்தல்காரரைக் கூப்பிட்டுப் பின்பக்கம் நாலு கழி நட்டு, தட்டி கட்டி, மணல் கொட்டி, ஒரு வாளியும் செம்பும் வைத்தார்கள். வருஷக்கணக்காக நடக்காதது ஒரே சாயங்காலத்தில் நடந்தது. அந்த அம்மாள் வந்தார், பிள்ளைகளைக் கேள்வி கேட்டார், சுகாதாரத்தில் எல்லாரும் நன்றாகப் பதில் சொல்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போனார். அவர் வண்டி தெரு முனை திரும்புவதற்குள் பந்தல்காரரின் ஆட்கள் தட்டியைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அடுத்த முகூர்த்தத்துக்கு வேண்டுமாம். என் வகுப்புப் பெண் ஒருத்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள், “டீச்சர், அந்தம்மாவுக்கு மட்டும்தான் வருமா?”

எனக்கு அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கோபம் வந்தது, அது நன்றாகத் தெரியும். நேரே ஹெட்மாஸ்டர் அறைக்குள் போய், அந்தக் குழந்தை கேட்ட கேள்வியை அப்படியே அவரிடம் கேட்டேன். பொம்பளை இதையெல்லாம் பேசலாமா என்பதைப்போல அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பணம் ஒதுக்கவில்லை, மேலே எழுதியிருக்கிறேன் என்றார். பணம் வேண்டாம், தட்டியைப் பிரித்த குழிகள் அப்படியே இருக்கின்றன, அதை மூடாமல் இருந்தால் போதும் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வாசலிலேயே நின்று எங்கள் பக்கத்துத் தாய்மார்களிடம் நான் சொன்னேன். சீதம்மா தன் தெருவில் சொன்னார். ஆளுக்கு இரண்டு கீற்று கொண்டுவந்தார்கள். எந்தத் தெரு யாரோடு பேசாது, யார் தண்ணீரை யார் தொடமாட்டார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அந்தக் கீற்றுகளை முடைகிறபோது அதை யாரும் நினைக்கவில்லை, எல்லாருக்கும் பெண் குழந்தை இருந்தது. அந்த மறைப்பு இன்றைக்கும் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் கீற்று மாற்றுகிறோம். அதற்குப் பிறகு எனக்கு அந்தக் காய்ச்சல் வந்ததே இல்லை. அம்மாவுக்கு உஷ்ணம் தணிந்துவிட்டது என்று நீ சந்தோஷப்பட்டாய், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பையனிடம் இதைப் போய் என்ன சொல்வது என்று கூச்சம். அந்தக் கூச்சத்தை இன்றோடு விட்டுவிட்டேன்.

இவ்வளவும் படித்துவிட்டு, அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எதற்கு? கோபம்தான். உடற்பயிற்சி என்று ஒரு நல்ல விஷயத்தை உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெண் ஓடுகிறாள், உங்கள் ஊரிலேயே முதல் தரம் ஒரு பெண் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லார் முன்னாலும் ஓடுகிறாள். அவள் வீட்டில் இதற்கு எத்தனை பேச்சு வாங்கியிருப்பாள் என்று நினைத்துப் பார். எல்லாவற்றையும் தாண்டி, வயிற்றை அடக்கிக்கொண்டு, நாக்கு வறள ஓடி, உன் பையன்கள் பாதிப் பேரை முந்துகிறாள். அவளை உடம்பில் பலம் இல்லாதவள் என்று எழுதினாயே, பலம் என்றால் என்னவென்று எந்தப் புத்தகத்தில் படித்தாய்? நாளைக் காலையில் முதல் வேலையாக அவள் பெயரைத் திரும்பச் சேர். அதை எல்லாரும் நிற்கும்போது சத்தமாகச் சொல், பெயரை அடித்ததையும் சத்தமாகத்தானே சொல்லியிருப்பாய். ஹெட்மாஸ்டர் செங்கல்பட்டு, ஐதராபாத் என்று ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இரு, மறுத்துப் பேசாதே, பெரியவர். பேசி முடித்ததும் நாலு கழி நட அனுமதி மட்டும் கேள். உயரம் தாண்ட மூங்கில் தேடத் தெரிந்தவனுக்கு இதற்கு மூங்கில் கிடைக்காதா? கீற்றுக்குத் தாய்மார்களைக் கேள். நீ போய்ப் பேசக் கூச்சமாக இருந்தால் உங்கள் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா யாரிடமாவது சொல், அவர்கள் இத்தனை நாள் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருப்பார்கள். மறைப்பு எழும்பின பிறகு பானையை மைதானத்து நிழலில் வை. அதற்குப் பிறகு நீ குடி என்று சத்தம் போடு, அவர்களுக்கு எந்தப் பக்கம் கேட்டாலும் சரி.

உன் அப்பா, பையனை இப்படிக் கடிந்து எழுதாதே, தூரத்தில் தனியாக இருக்கிறான் என்கிறார். கடிதத்தில் எழுதினது போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் லீவு சொல்லிவிட்டேன். அடுத்த புதன்கிழமை காலை பஸ்ஸில் புறப்படுகிறேன், கூட யாரும் வேண்டாம். உனக்குப் பிடித்த எள்ளுருண்டையும் கன்னியம்மாவுக்குக் கொஞ்சம் வேர்க்கடலை உருண்டையும் கொண்டுவருகிறேன். இத்தனை வருஷமாகப் பஸ் ஏறுகிற நாளில் நான் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல்தான் கிளம்புவேன், உனக்குத் தெரியாது, இப்போது தெரிந்துகொள். இந்தத் தடவை அப்படி இல்லை. வீட்டை விட்டு இறங்கும்போது ஒரு செம்பு நிறையக் குடிப்பேன். புத்தூரில் பஸ் மாறும்போது இன்னொரு டம்ளர் குடிப்பேன். உன் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து இறங்கியதும், சாப்பிட்டாயா, இளைத்தாயா என்றெல்லாம் கேட்கமாட்டேன். எங்கே போகவேண்டும் என்றுதான் கேட்பேன். வலது பக்கமோ இடது பக்கமோ, கை காட்ட உனக்கு ஒரு பக்கம் இருக்கட்டும்.

உன்னைச் சுமந்த உடம்போடு,
அம்மா